மைப்பேனாவுக்குத் தோல் உறை: சிங்கப்பூர் ஈரத்தில் எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

கேள்வி இதுதான். தெம்பனிஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ராஃபிள்ஸ் பிளேஸில் அலுவலகம். தினமும் பையில் மூன்று மைப்பேனாக்கள் போய் வருகின்றன: லாமி சஃபாரி, டிவிஸ்பி ஈக்கோ, பெலிக்கன் எம்800. துணிப்பையில் ஒன்றாகப் போட்டு எடுத்துப்போனதில் பெலிக்கன் மீது கீறல் விழுந்துவிட்டது. தோல் உறை வாங்கலாமா? எந்தத் தோல், எத்தனை அறை? இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காதா?

தாராளமாக வாங்கலாம். மூன்று அறை, அறைகளுக்கு நடுவே தடுப்பு, மேலே மூடும் மடல், உள்ளே வழுவழுப்பான லைனிங் உள்ள உறை உங்களுக்குப் போதும். ஆனால் முதலிலேயே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் தோல் உறை பேனாவை எடுத்துச் செல்வதற்கு மட்டும்தான். வாரக்கணக்கில் உள்ளே வைத்து மூடி அலமாரியில் போடுவதற்கு அது ஏற்றதில்லை. பூஞ்சணம், சாயம் ஒட்டுவது, உலோகம் கறுப்பது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை உறையையே பேனாவின் வீடாக ஆக்கிவிடுவதால் வருபவை.

தோலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பேச வேண்டும். நல்ல தோலில் செய்த உறைகூட அறை பொருந்தாவிட்டால் பேனாவைக் கெடுக்கும். விற்பவர்கள் பெரும்பாலும் பேனாவின் நீளத்தை மட்டும் சொல்வார்கள். சஃபாரி, ஈக்கோ, எம்800 மூன்றுமே மூடியுடன் ஏறத்தாழ 140 மி.மீ. வாக்கில் வருபவை. மடல் மூடியபின் உள்ளே 150 மி.மீ. உயரம் இருந்தால் மூன்றும் நிம்மதியாக நிற்கும். மோன்பிளாங் 149, பெலிக்கன் எம்1000 போன்ற பெரிய பேனாக்களுக்கு 155 மி.மீ. வேண்டும். திருவள்ளூரில் கடைசல் பிடித்துச் செய்யும் ரங்கா எபனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில் சில 150 மி.மீ.-யையே தாண்டும் என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் அளந்து பார்க்காமல் எந்த உறையையும் வாங்கக் கூடாது. மறுபக்கம், கவெக்கோ ஸ்போர்ட் மூடிய நிலையில் 105 மி.மீ.தான். ஆழமான அறையில் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், விரலுக்கு எட்டாது. அதற்கென்று தனி உறை வாங்குவதே சரி.

நீளத்தைவிட அகலம்தான் அதிகமாகத் தவறும். காரணம் கிளிப். பேனாவின் விட்டம் 13 மி.மீ., 15 மி.மீ. என்று எழுதியிருப்பார்களே தவிர, கிளிப் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். நீங்களே அளந்துவிடலாம். ஒரு காகிதப் பட்டையை மூடியின் மிகத் தடித்த இடத்தில், கிளிப்புக்கு மேலாக, இறுக்கமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, நுனி சேரும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். பட்டையை விரித்து அளந்து, அதில் பாதியை எடுத்து, 2 மி.மீ. கூட்டுங்கள். உறையின் ஒரு அறைக்கு, இந்தத் தையலுக்கும் அந்தத் தையலுக்கும் நடுவே, தட்டையாக வைத்து அளந்தால் வரவேண்டிய குறைந்தபட்ச அகலம் அது. 15 மி.மீ. விட்டமுள்ள மூடிக்கு மேல் கிளிப் 4 மி.மீ. எழும்பி நின்றால் சுற்றளவு 53 மி.மீ. வாக்கில் வரும், பாதி 26.5, கூடுதல் 2, ஆக 28.5 மி.மீ. கிளிப்பை விட்டுவிட்டு விட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 25.5 மி.மீ. போதும் என்று தோன்றியிருக்கும். அந்த மூன்று மி.மீ. வித்தியாசத்தில்தான் பேனா சிக்கிக்கொள்கிறது. சஃபாரியின் கம்பிக் கிளிப் பெரியது என்பதால், உடல் மெலிதாகத் தெரிந்தாலும் அது கேட்கும் இடம் அதிகம். மூன்று பேனாக்களையும் தனித்தனியே அளந்து, வருவதில் பெரிய எண்ணையே எல்லா அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறை இறுகலாக இருந்தால் என்ன ஆகும்? சஃபாரி, பைலட் மெட்ரோபாலிட்டன் போன்றவற்றின் மூடி அழுத்தி மூடும் வகை. மூடியைப் பிடித்து மேலே இழுத்தால் மூடி மட்டும் கையோடு வரும். நிப்போடு உடல் உறைக்குள்ளேயே நின்றுவிடும், லைனிங் முழுக்க மை. திருகு மூடி உள்ள ஈக்கோ, எம்800 போன்றவற்றில் இது உடனே நடக்காது. ஆனால் சிக்கிய பேனாவைத் திருகித் திருகி இழுக்கும்போது மூடியின் மரை கொஞ்சம் தளர்ந்துவிடும், அடுத்த முறை பையில் குலுங்கும்போது திறந்துகொள்ளும். அறை மிகத் தொளதொளப்பாக இருந்தாலும் கேடுதான். ஒவ்வொரு அடிக்கும் பேனா மேலும் கீழும் துள்ளும், மை மூடிக்குள் தெறிக்கும். பேனாவை வைத்து உறையைக் கவிழ்த்தால் அது தன் எடையில் மெதுவாக நழுவி வரவேண்டும். தொப்பென்று விழுந்தால் அகலம் அதிகம். அசையவே இல்லை என்றால் குறைவு.

வடிவங்களில் எதை எடுப்பது என்பது நீங்கள் பேனாவை எங்கே எடுத்துப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒற்றை உறை சட்டைப்பைக்கும் கைப்பைக்கும் நல்லது. சுருட்டு வகையை மேசையில் விரித்தால் அழகாக இருக்கும், ஆறேழு பேனா கொள்ளும். ஆனால் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு ஒரு பேனாவை எடுக்க அது உதவாது. சுருட்டும்போது பேனாக்களின் தலையும் அடியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க மேல்மடிப்பு அகலமாக இருக்க வேண்டும். ஜிப் வைத்த தடித்த உறைதான் நெரிசலில் நசுங்காமல் காப்பது. அதில் பார்க்க வேண்டியது ஜிப்பின் பல். உலோகப் பல்லாக இருந்தால் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கிளிப்பும் மூடியும் அதில் உரசும். நைலான் சுருள் ஜிப், அதற்கு உள்பக்கம் ஒரு தோல் ஓரம், இரண்டும் இருந்தால் எடுங்கள். நீங்கள் முதுகுப்பையில் மடிக்கணினியோடு சேர்த்துக் கொண்டுபோகிறவர் என்றால் மடல் வகையிலேயே சற்று விறைப்பானதைத் தேர்ந்தெடுங்கள். மிக மென்மையான தோல் கையில் பிடிக்க இதமாக இருக்கும், மடிக்கணினியின் எடையைப் பேனாவுக்கு அப்படியே கடத்தும். டிவிஸ்பியின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உடலுக்கு அந்த அழுத்தம் நல்லதல்ல.

அறைகளுக்கு நடுவில் தடுப்பு இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். மூன்று பேனா உறை என்று விற்பவற்றில் சில, உள்ளே ஒரே பையாக இருக்கும். அதில் சஃபாரியின் கிளிப் எம்800-இன் உடலில் நாள் முழுக்க உராயும். துணிப்பையில் நடந்ததே தோல் பையிலும் நடக்கும், விலைதான் கூட.

இனி தோல். பதனிடும் முறையில் முக்கியமானவை இரண்டு. மரப்பட்டை, காய் ஆகியவற்றிலுள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருளைக் கொண்டு வாரக்கணக்கில் பதனிடுவது தாவரப் பதனீடு. குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் பதனிடுவது குரோம் பதனீடு. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம்தான். தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளாக ஏற்றுமதியான ஈஸ்ட் இந்தியா தோல் தாவரப் பதனீட்டு வகை; ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதன் பழைய மூலப்பொருள்கள். அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

தாவரப் பதனீட்டுத் தோல் விறைப்பானது. கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், நாளாக நாளாக நிறம் ஏறி மெருகு கூடும். பேனாவை நசுங்காமல் காப்பதற்கு அதுவே மேல். அதன் குறை, ஈரத்தை வேகமாகக் குடிக்கும், தண்ணீர் பட்டால் கறை நிற்கும், பூஞ்சணத்துக்கும் பிடித்தமானது. குரோம் தோல் மென்மையானது, மழைத்துளியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பூஞ்சணம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஆனால் துவளும். ஆகவே, குளிர்சாதன அலுவலகத்துக்குப் போய் வருகிற, தினமும் கையில் எடுத்துப் பயன்படுத்தப்படும் உறைக்கு மேல்பூச்சு உள்ள தாவரப் பதனீட்டுத் தோல் சரியாக வரும். எப்போதாவது மட்டும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் குரோம் தோலில், உள்ளே ஒரு விறைப்பு அட்டை வைத்துத் தைத்ததை வாங்குங்கள். மேல்பூச்சே இல்லாத வெளிர் நிற இயற்கைத் தோல் கண்ணைக் கவரும். இங்கே ஒரு மழை நாளும் வியர்த்த கையும் போதும், திட்டுத்திட்டாகிவிடும்.

தடிமன் வெளிப்பக்கத்துக்கு 1.2 முதல் 1.6 மி.மீ. வரை இருந்தால் நல்லது. நடுத் தடுப்புக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் மூன்று அறை உறை செங்கல்போல் தடித்துவிடும்.

எந்தத் தோலானாலும் சரி, உண்மையான தோலாக இருக்கட்டும். துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் இந்த ஊருக்கு ஆகாது. பாலியூரித்தேனில் பரவலாக உள்ள ஒரு வகையை ஈரப்பதம் மெல்ல மெல்ல வேதியியல் முறையில் சிதைக்கும். சில ஆண்டுகளில் மேல்பூச்சு பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். வீட்டில் பழைய சோஃபா, கைப்பை உரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வினைதான். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். உரிந்த பிசின் பேனாவின் மூடியில் ஒட்டினால் எடுப்பது கடினம். தோல் துகள்களைப் பிசினோடு சேர்த்து அழுத்திய ‘பாண்டட் லெதர்’ வகையும் மடிப்பில் சீக்கிரம் விண்டுபோகும். இரண்டையும் கண்டுபிடிக்க வெட்டு ஓரத்தைப் பாருங்கள். உண்மைத் தோலின் ஓரத்தில் நார்கள் மேலிருந்து கீழ்வரை பின்னிக்கிடக்கும். செயற்கைத் தோலில் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் அதன் அடியில் நெய்த துணியும் தனித்தனியாகத் தெரியும். ஓரம் முழுவதும் மடித்துத் தைத்து மறைக்கப்பட்டிருந்தால், ‘ஃபுல் கிரெயின் லெதரா’ (மேல்பரப்பைச் சீவாத முழுத் தோலா) என்று வாய்விட்டுக் கேளுங்கள். ‘உண்மைத் தோல்’ என்ற முத்திரை மட்டும் போதாது. அடிப்பகுதியிலிருந்து பிரித்த தோலில் பிளாஸ்டிக் பூசியதற்கும் அந்த முத்திரை விழும்.

சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கடையிலேயே செய்யலாம். வெள்ளை டிஷ்யூவைச் சற்று நனைத்துப் பிழிந்து, அறையின் உள்பக்கத்தில் 20 முறை தேயுங்கள். நிறம் ஏறினால், இங்குள்ள ஈரத்தில் அதே நிறம் வெளிர் நிறப் பேனாவிலும் ஏறும். கருநீலம், அடர்சிவப்பு, கறுப்பு நிற ஸ்வேட் (மயிரிழை எழுந்த மென்தோல்) லைனிங்குகளில் இது அதிகம். உங்கள் ஈக்கோ வெள்ளை நிறமாக இருந்தால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பிளாஸ்டிக்குக்குள் இறங்கிய சாயத்தைச் சோப்புத் தண்ணீர் எடுக்காது.

லைனிங்காக மெல்லிய ஆட்டுத்தோலோ, மைக்ரோஃபைபரோ இருப்பது நல்லது. ஸ்வேட் தொடுவதற்கு மென்மை, ஆனால் அதன் மயிரிழைகளுக்குள் தூசி தங்கும். தூசியில் உள்ள மணல் துகள்தான் பேனாவைக் கீறுவது, தோல் அல்ல. ஸ்வேட் லைனிங் உறை ஏற்கெனவே இருந்தால் மாதம் ஒருமுறை உள்ளே மென்மையான தூரிகையால் தட்டி, சிறிய வேக்கம் குழாயால் உறிஞ்சி எடுங்கள். லைனிங்கே இல்லாமல் தோலின் அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருந்தால், நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் வேண்டாம், அந்தத் தூள் மூடிக்குள் போய் நிப்பில் ஒட்டும், கோடு தடிக்கும்.

தையலில், இரண்டு ஊசி கொண்டு கையால் போட்ட சேணத் தையல் நெடுநாள் நிற்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலும் மோசமில்லை, அறைகளின் வாய்ப்பகுதியில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். விசை முழுவதும் அங்கேதான் விழும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் இந்த ஈரத்தில் இற்றுப்போகும். காந்தப் பொத்தானைக் கண்டு பயப்பட வேண்டாம், அது நிப்பையோ மையையோ ஒன்றும் செய்யாது. பொத்தானின் உலோக முகம் பேனாவைத் தொடாமல் தோலுக்குள் மறைந்திருந்தால் போதும்.

வாங்கி வந்ததும் உடனே பேனாவைப் போட வேண்டாம். புதுத் தோலில் சாயம், பசை ஆகியவற்றின் வாடை இருக்கும். மடலைத் திறந்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அறை சற்று இறுகலாக இருந்தால், பேனாவின் விட்டத்தைவிட 1 மி.மீ. தடித்த மரக் குச்சியை உணவு மூடும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே செருகி மூன்று நான்கு இரவு விடுங்கள். தோல் இளகிக் கொடுக்கும். தண்ணீரில் நனைத்து விரிக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். சாயம் போட்டு முடித்த உறைக்கு அதைச் செய்யாதீர்கள். சாயம் ஓடும், ஒட்டிய பசை விடும்.

பேனாவை எப்போதும் நிப் மேலே இருக்கும்படி செருகுங்கள். கிளிப் பக்கத்துப் பேனாவைப் பார்க்காமல் உறையின் முன்பக்கம் பார்த்து நிற்கட்டும். கிளிப்பைத் தோலின் ஓரத்தில் மாட்டாதீர்கள், அறைக்குள்ளேயே விடுங்கள். 1.5 மி.மீ. தோலில் தினமும் மாட்டினால் சில மாதங்களில் கிளிப்பின் இறுக்கம் போய்விடும், தோலிலும் பள்ளம் விழும். மூடியில்லாத பைலட் கேப்லெஸ் மட்டும் விதிவிலக்கான அமைப்பு. அதன் கிளிப் நிப் பக்கமே இருப்பதால் கிளிப் மேலே இருக்கும்படி வைத்தாலே நிப்பும் மேலே வந்துவிடும். எடுக்கும்போது மூடியை இழுக்காமல், உறையின் அடியில் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளி, உடல் வெளியே தெரிந்ததும் உடலைப் பிடித்து எடுங்கள். சஃபாரிக்கு இது கட்டாயம்.

உறையைப் பையில் நிமிர்த்தி வைக்க ஓரிடம் வேண்டும். பையின் அடியில் படுக்கப்போட்டால் நிப் மேலே செருகியதற்குப் பொருள் இல்லை. விமானத்தில் இது இன்னும் முக்கியம். விமான அறையின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் உள்ள அளவுவரை குறைக்கப்படலாம். அப்போது பேனாவுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். பாதி மை தீர்ந்த ஈக்கோவில் சுமார் 0.9 மி.லி. காற்று இருந்தால், அது 0.3 மி.லி. கூடுதல் இடம் கேட்கும். நிப் மேலே இருந்தால் காற்று வெளியேறும், கீழே இருந்தால் அந்த அளவு மை தள்ளப்படும். சாங்கியிலிருந்து கிளம்புமுன் முழுதாக நிரப்புங்கள் அல்லது முழுதாகக் காலி செய்யுங்கள், உறையை முன் இருக்கைப் பையில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் உறையை விடவே கூடாது. சூட்டில் காற்று விரிவது ஒருபுறம், தோலில் உள்ள எண்ணெய் மேலே கசிந்து பேனாவில் படிவது மறுபுறம்.

இப்போது நீங்கள் பயந்த விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், நண்பகலுக்குப் பின் 60 வாக்கில் இறங்கும். தோலைச் சுற்றிய காற்று 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். காற்றோட்டம் இருந்தால் அதே ஈரத்திலும் தாமதமாகும், அடைத்து வைத்தால் வேகமாகும். தினமும் அலுவலகத்துக்குப் போய் வரும் உறையில் பூஞ்சணம் அரிது, பகல் முழுதும் குளிர்சாதன அறையில் காய்ந்துவிடுகிறது. நீண்ட விடுமுறையில் துணி அலமாரிக்குள் வைத்த உறைதான் வெள்ளை பூத்து வெளியே வரும்.

வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பூஞ்சணம் இல்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பும் மெழுகும் மேலே வந்து உறைந்தாலும் வெள்ளைப் படலம் தெரியும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில விநாடி காட்டுங்கள். உருகி மறைந்தால் அது கொழுப்பு. மெல்லிய துணியால் தேய்த்துவிட்டால் தோலுக்கே நல்லது. மறையாமல், பஞ்சுபோல் புள்ளி புள்ளியாக நின்று மக்கல் வாடை அடித்தால் பூஞ்சணம்.

பூஞ்சணம் என்றால் வேலையைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அறைக்குள் தட்டினால் அதன் வித்துகள் மற்றத் தோல் பொருள்களுக்கும் பரவும். பேனாக்களை எடுத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் தையல் இடுக்கு உட்படத் துடையுங்கள். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுடன் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து நன்றாகப் பிழிந்து, முதலில் மறைவான ஓரத்தில் வைத்துப் பாருங்கள். சாயம் வராவிட்டால் உள்ளும் புறமும் துடையுங்கள். பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில், மடல் விரிந்த நிலையில் இரண்டு நாள். வெயிலில் போட்டால் தோல் சுருங்கி வறளும். காய்ந்தபின் தோல் கண்டிஷனரை மிக மெல்லிதாக ஒருமுறை தடவித் துடைத்தெடுங்கள். பேனாக்களின் மூடிக்குள்ளும் பூஞ்சணம் போயிருக்கலாம். மையைக் கொட்டி, நிப்பையும் மூடியையும் சாதாரணத் தண்ணீரில் கழுவி உலர்த்திய பிறகே திரும்ப நிரப்புங்கள்.

பெரும்பாலான தோல் பராமரிப்புக் குறிப்புகள் வறண்ட குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாதம் ஒருமுறை எண்ணெய் போடு என்பது இங்கே பொருந்தாது. இந்தக் காற்றில் தோல் எளிதில் வறளாது. ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். கூடுதலாகத் தடவும் எண்ணெய் தோலைத் தொளதொளப்பாக்கும், பேனாவில் படியும், பூஞ்சணத்துக்கு உணவாகும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் தொடவே வேண்டாம்.

வீட்டில் வைக்க, புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வாங்கும் உலர் பெட்டி மிக ஏற்றது. அதை 50 சதவீதத்தில் வையுங்கள். 40-க்குக் கீழே இறக்கினால் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும். மை நிரப்பிய பேனாவை அதற்குள் வைக்காதீர்கள், மை சீக்கிரம் வற்றிக் கெட்டியாகும். உலர் பெட்டி இல்லாவிட்டால் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் 50 கிராம் சிலிகா ஜெல்லும், பக்கத்தில் ஒரு சிறிய ஈரமானியும் போதும். சிலிகா ஜெல் நிறம் மாறியதும் 110 பாகை செல்சியஸ் சூட்டில் ‘அவன்’ அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். துணி அலமாரிகளில் வைக்கும் தர்ஸ்டி ஹிப்போ போன்ற பெட்டிகளில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது ஈரத்தை உறிஞ்சித் திரவமாகும். அந்தத் திரவம் தோலில் பட்டால் தோல் சுருங்கிக் கல்லாகிவிடும், திரும்ப இளக்க வழியே இல்லை. உறை இருக்கும் அதே தட்டில் அந்தப் பெட்டியை வைக்காதீர்கள்.

மை சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு ஈரத் துணியால் வெளியிலிருந்து உள்நோக்கி. குளோரின் வெளுப்பான் தோலைக் கெடுக்கும், மையை முழுதாக எடுக்கவும் செய்யாது. ஒரு வகை மையில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். பிளாட்டினம் புளூ பிளாக், ரோரர் அண்ட் கிளிங்னர் சாலிக்ஸ் போன்ற இரும்பு கலந்த மைகள் தாவரப் பதனீட்டுத் தோலிலுள்ள டேனினோடு வினைபுரிந்து நிலையான கறுப்பாகும். அந்த மை தயாராவதே அதே வினையில்தான் என்பதால், தோல் தானே மையின் ஒரு பாதியாக மாறிவிடுகிறது. ஈரமான தாவரத் தோலில் துருப்பிடிக்கும் இரும்பு பட்டாலும் இதே நீலக்கறுப்புப் புள்ளி வரும். இந்த மைகளைத் தினமும் பயன்படுத்துபவர்கள் குரோம் தோல் உறையையே எடுப்பது நல்லது.

சில பேனாக்கள் தோல் உறைக்குள் இரவு தங்கக் கூடாது. ஸ்டெர்லிங் வெள்ளிப் பேனா மூடிய உறைக்குள் சீக்கிரம் கறுக்கும். எபனைட்டில் கந்தகம் உண்டு. ஈரத்தில் அது நிறம் மங்கும், பக்கத்தில் இருக்கும் வெள்ளியையும் கறுப்பாக்கும். இரண்டையும் ஒரே உறையில் சேர்க்காதீர்கள். பழைய செல்லுலாய்டு பேனாக்களுக்குக் காற்று வேண்டும், அடைத்து வைத்தால் தானே சிதையத் தொடங்கும். உருஷி, மாக்கியே போன்ற ஜப்பானிய அரக்குப் பூச்சுப் பேனாக்களை எடுத்துச்செல்ல வேண்டியிருந்தால் மெல்லிய பட்டு உறையில் போட்டு, பிறகு தோல் அறைக்குள் வையுங்கள். அதற்காக அறை அகலத்தில் இன்னும் 2 மி.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்குவதானால் மூன்று பேனாக்களையும் மை இல்லாமல் கழுவி உலர்த்திக் கையோடு கொண்டுபோங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸிலும் ஆர்ச்சர்ட் பக்கமும் உள்ள பேனாக் கடைகளில் போட்டுப் பார்க்கக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், இஸ்தான்புல்லில் உள்ள கேலன் லெதர், அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் கிறிஸ்டாஃப் போன்றோர் அறை அளவுகளைக் கேட்டால் சொல்வார்கள். காகிதப் பட்டைக் கணக்கை அனுப்பிக் கேளுங்கள். 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்குள் வரும் பொருள்களுக்கும், சிங்கப்பூரில் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் வழியாக வாங்கினால், பொருள் சேவை வரி உண்டு. 2024-இலிருந்து அது 9 சதவீதம். 120 வெள்ளி உறை அப்படியே 130 வெள்ளி 80 காசாகும், அனுப்பும் செலவு தனி.

தையல் எங்காவது விட்டால் உறையைத் தூக்கிப்போட வேண்டாம். 0.6 மி.மீ. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூலும் முனை மழுங்கிய இரண்டு தோல் ஊசிகளும் இருந்தால் பழைய துளைகளிலேயே நீங்களே தைக்கலாம். புதிதாகத் துளை போடாதீர்கள், அந்த வரிசையிலேயே தோல் கிழியும். விட்ட இடத்துக்கு இருபுறமும் மூன்று துளைகள் பின்னுக்குத் தள்ளித் தொடங்கி, மூன்று துளைகள் கடந்து முடித்து, நூல்முனையை நெருப்பில் லேசாகக் காட்டி அழுத்திவிடுங்கள். விட்டது அறையின் வாய்ப்பகுதி என்றால், தைக்கும்வரை அந்த அறையைக் காலியாகவே வையுங்கள். தொங்கும் நூல் கிளிப்பில் மாட்டிக்கொண்டால் பேனாவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மிச்சத் தையலையும் அவிழ்த்துக்கொண்டே போகும்.